சதுப்புக்காரன்

ஏப்ரலில் கையெழுத்தானது கிரயம்.
விலை ஒரு ஜோடி பூட்ஸைவிடக் குறைவு.
அதையும் எம்ப்ரிக் கொடுக்கவில்லை.
கடைக்காரர் ஓலவுஸ்
கடன் என்றும் சொல்லாமல் கொடை என்றும் சொல்லாமல்
உப்பு மூட்டைக்குப் பக்கத்தில்
நாணயங்களை நகர்த்தி வைத்தார்.

பத்திரத்தில் எல்லை இப்படி இருந்தது:
வடக்கே ஓடை.
தெற்கே ஓடை மறந்துபோன தடம்.
கிழக்கே பண்ணைக்காரர் சீவெர்ட்டின் பைன் மரங்கள்.
மேற்கே, 'சதுப்பு தொடர்கிறது'.

ஆட்டைக் கட்டினால் காலையில் கயிறு மிஞ்சும்.
விதைத்தால் முளைக்காது, குழி வெட்டினால் நிற்காது.
ஆனால் வாக்குக்கு நிலம் வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது,
நிலம் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஓலவுஸ் விளக்கினார், நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
மந்திரிகள் சபைக்கு வந்து பதில் சொல்லட்டும் என்று
மூன்று முறை தீர்மானம் போட்டார்களாம்.
மூன்று முறையும்
ஸ்டாக்ஹோமிலிருந்து 'மாட்டேன்' வந்ததாம்.
இப்போது ஆள் வேண்டும்.
ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும், ஒவ்வொரு ஈரத்திலும்
ஆள் முளைக்க வேண்டும்.
'நீயும் ஒருவன், எம்ப்ரிக்.'
அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

பதினோரு வருஷம் சீவெர்ட்டின் குடிசையில் இருக்கிறோம்.
கூரை அவருடையது, கூரைமேல் வளரும் புல்லும் அவருடையது.
அறுவடை மாதம் முழுக்க அவன் முதுகும் அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை நிலத்தைப் பார்க்கப் போனோம்.
கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான்.
நிலச்சுவான்தார் வைத்த முதல் அடியே
முழங்கால்வரை உள்ளே போனது.
சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன்,
முடியவில்லை.

எனக்கு இந்த இடம் தெரியும்.
ஆகஸ்ட் தோறும் விடியுமுன் வருவேன்,
முல்தெப் பழம் பறிக்க, யாரையும் கேட்காமல்.
ஒரு காம்புக்கு ஒரே பழம், விளக்குச்சுடர் நிறம்.
பஞ்சுப்புல் வெள்ளையாய்த் தலையாட்டும் இடத்தில் மிதிக்காதே.
குள்ள பிர்ச் நிற்கும் மேட்டில் கால் வை.
பாசி சிவப்பா, நில். பச்சையா, ஓடு.
என் தடத்தில் கால் பதித்து, என் பாவாடை நுனியைப் பிடித்து
அவன் தன் நிலத்தின் நடுவுக்கு வந்தான்.
ஒரு உள்ளான் மட்டும் எழுந்து பறந்தது.

இலையுதிர்காலம். தேவாலயத்தில் தேர்தல்.
அந்தத் தரையைச் சனிக்கிழமை தேய்த்துக் கழுவியவள் நான்,
வாரம் பன்னிரண்டு ஓரே கூலி.
அன்று மணிக்கூண்டுக் கதவுக்கு வெளியே நின்றேன்.

பாதிரியார் பட்டியலை வாசித்தார்.
எம்ப்ரிக் பெயர் வந்ததும்
முன்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்:
'சதுப்புக்காரன்.'
சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது.
பிறகு ஒரு இடைவெளி.
அவன் செருமுவது கேட்டது.
பன்றிகளைக் கூப்பிடும் அதே குரலில்
பள்ளி ஆசிரியரின் பெயரைச் சொன்னான்,
சொல்லிவிட்டு, கேட்காதவர்களுக்காக
இன்னொரு முறை.

அந்த வாரமே சீவெர்ட் வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்:
'உன் சொந்த நிலத்தில் போய்க் குடியிரு.'
துரத்தவில்லை. வைக்கோல் மட்டும்
அந்தக் குளிர்காலம் பாதிதான் வந்தது.
பசுவுக்குப் பாசி வேகவைத்துக் கொடுத்தோம்.
நல்ல பாசி, எங்கள் பாசி.

அடுத்த ஆகஸ்டில் ஓலவுஸ் சிரித்துக்கொண்டே வந்தார்.
'உங்கள் நிலத்துப் பழம்
இரண்டு வாளி கிடைக்குமா, பிர்கித்?'

உங்கள்.
கல்லில் தடுக்கியது போல அந்தச் சொல்லில் நின்றேன்.
பத்திரத்தில் நான் இல்லை, பட்டியலில் நான் இல்லை.
மரியாதைக்காகச் சொல்லியிருப்பார்.

இரண்டு வாளி பறித்தேன்.
ஒன்றை அவர் கடைக்கு அனுப்பினேன்.
மற்றதற்கு அவர் ஆளனுப்பியபோது
'நிலக்காரியைக் கேட்க வேண்டும்' என்று சொல்லிவிட்டு
வாளியை உள்ளே எடுத்துப்போனேன்.